பேராலயத்தில் பாடப் போகும் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், தஞ்சாவூர், வேளாங்கண்ணி என்று டெல்டா பக்கம் சுற்றி, பெரிய கத்தோலிக்கக் கோயில்களில் பூசைக்குப் பாட ஆசைப்படும் பாடகர் குழுக்கள் இப்போது நிறைய. கீழே உட்கார்ந்து கேட்டால், ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறுகளே திரும்ப வருகின்றன. நேரத்துக்கு வாருங்கள், தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுகிறேன்.

பயிற்சி வேகத்தை அப்படியே கொண்டுபோவது

இன்னும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். தாழ்வான கூரை போட்ட அறையில், கீபோர்டில் ரிதம் ஓடவிட்டுப் பயிற்சி எடுக்கிறார்கள். அங்கே சத்தம் எழுந்ததும் அடங்கிவிடும். உயர்ந்த கூரையும் காரைச் சுவரும் கல் தரையும் உள்ள பழைய கோயிலில் அடங்காது, ஒரு சொல் ஓய்வதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறிவிடும். போன வருடம் ஒரு கோயிலில் வெளியூர்க் குழு ஒன்று காணிக்கைப் பாடலை அந்த அறை வேகத்திலேயே எடுத்தது. தபேலா அடியெல்லாம் ஒன்றோடொன்று குழம்பி ஒரே இரைச்சல். உடனே என்ன செய்தார்கள்? மைக் சத்தத்தைக் கூட்டினார்கள்! அதைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்துதானே கூடும்? முன் வரிசையில் ஒரு பாட்டி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு நன்றாகத் தெரிந்த பாட்டுதான், ஆனால் எந்தப் பாட்டு என்றே பிடிபடவில்லை. மாதக்கணக்கில் எடுத்த பயிற்சி, வேன் வாடகை எல்லாம் வீண்.

பூசைக்கு வெகு முன்பே போய், கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் அனுமதி கேட்டு, நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கைதட்டி, அந்தச் சத்தம் ஓய எவ்வளவு நேரமாகிறது என்று கேளுங்கள். அதற்கேற்ப வேகத்தைக் குறையுங்கள், ரிதத்தை அணையுங்கள், மெய்யெழுத்துகளைத் தெளிவாக உச்சரியுங்கள். உங்களில் ஒருவர் கடைசி வரிசையில் நின்று கேட்கட்டும். ஆள் நிறைந்ததும் உடம்பும் துணியும் சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் காலிக் கோயிலில் கேட்டதை வைத்துப் பயப்படவும் வேண்டாம்.

பாடகர் நிற்கும் மாடத்திலிருந்து காதை நம்புவது

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பின்மாடத்திலிருந்து 40 மீட்டர் தள்ளி இருப்பவர் காதில் உங்கள் பாட்டு ஏறக்குறைய எட்டில் ஒரு நொடி தாமதமாக விழும், அவர் குரல் உங்களிடம் வர இன்னொரு எட்டில் ஒரு நொடி. அவருக்காகக் காத்திருந்தால் பாட்டு இழுத்துக்கொண்டே போகும். நடத்துபவர் கையைப் பாருங்கள்.

தவக்காலத்தில் அல்லேலூயா

ஈஸ்டருக்கு முந்தைய அந்த நோன்புக் காலத்தில் அது கிடையாது. பாட்டுப் பட்டியலை ஒருமுறை சரிபாருங்கள்.

வேளாங்கண்ணித் திருவிழாவில் போய் வாய்ப்புக் கேட்பது

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேண்டாம்.

மண்ணின் பாட்டை விட்டுவிடுவது

கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வாழ்ந்த தஞ்சாவூருக்கு வந்து, எங்கும் கேட்கிற சினிமா மெட்டுப் பாட்டையே பாடிவிட்டுப் போகிறார்கள். அவருடைய கீர்த்தனை ஒன்றையாவது எடுத்து வாருங்கள், உள்ளூர்ப் பாடகர்களிடம் அவர்கள் பாடும் மெட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு விருத்தம். தாளக் கட்டு இல்லாததால், ஒவ்வொரு வரியும் ஓயும்வரை நிறுத்தி நிதானமாகப் பாடலாம், இந்தக் கட்டடங்களுக்கு அதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை.