விறாந்தையில் நாற்றுப் போடும்போது விடுகிற பிழைகள்

கனடாவில் இருக்கும் சித்தி ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஜன்னலோரம் தட்டு, அடியில் சூடாக்கும் பாய், மேலே மின்விளக்கு, எல்லாவற்றுக்கும் மூடி. அதைப் பார்த்து நானும் யோக்கட் கோப்பைகளில் மிளகாய் விதை போட்டு, பொலித்தீனால் இறுக்க மூடி, முற்றத்து வெயிலில் வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் முகத்தில் ஆவி அடித்தது. ஒன்றும் முளைக்கவில்லை. விதையை அவித்திருக்கிறேன்.

அங்கே பங்குனியிலும் குளிர் விடாது. சூடு தேடி விதையை வீட்டுக்குள் கொண்டுபோகிறார்கள். மிளகாய், கத்தரி முளைக்க 25 முதல் 30 பாகை வெப்பம் நல்லது. கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ அது விறாந்தை நிழலிலேயே கிடைக்கிறது. நாங்கள் உள்ளே வைப்பது கார்த்திகை மழைக்கும் கோழிக்கும் எறும்புக்கும் பயந்து. இது விளங்கினால் பாதிப் பிழை வராது. மூடுவதென்றால் நிழலில், முளை தெரியும்வரை மட்டும்.

அடுத்தது மண். வளவு மண்ணை அப்படியே அள்ளிக் கோப்பையில் போட்டால் நாலு தரம் தண்ணீர் ஊற்றியதும் இறுகிவிடும். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியென்றால் சொல்லவே வேண்டாம், காய்ந்தால் வெடித்துவிடும். அரித்த மண், பழைய மாட்டெரு, தும்புத்தூள் அல்லது உமிக்கரி மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும். எரு புதிதாக இருக்கக்கூடாது, வேர் கருகும். கோப்பையின் அடியில் சூடாக்கிய ஆணியால் மூன்று நாலு ஓட்டை போட மறக்கவேண்டாம். ஓட்டை இல்லாத கோப்பையில்தான் நான் சொல்லப்போகிற பெரிய பிழை தொடங்குகிறது.

முளைத்துச் சில நாளில், மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூல்போல் மெலிந்து நாற்று சாய்ந்துவிடும். காலையில் நின்றது மாலையில் படுத்திருக்கும். தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம், மற்றதும் சாகிறது. இது நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சணம் ஈரத்தில் பெருகிச் செய்கிற வேலை. தோட்டக்காரர் நாற்றுமேடையில் வைக்கோலையும் உமியையும் அடுக்கி எரிப்பது இதற்காகத்தான். நாலு கோப்பைக்கு எரிக்கத் தேவையில்லை, கலவையில் கொதிதண்ணீர் ஊற்றி ஆறவிட்டால் சரி. விதையை நெருக்கிப் போடாமல், மேல்மண் காய்ந்த பிறகு காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். சோடாப் போத்தல் மூடியில் ஊசித்துளை போட்டால் பூவாளி. செம்பால் ஊற்றினால் விதையே மிதந்து ஒரு மூலைக்குப் போய்விடும்.

ஆழத்தைப் பற்றி அதிகம் இல்லை: விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு, அவ்வளவுதான். தக்காளி விதையை விரல் ஆழத்தில் புதைத்துவிட்டு விதை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை. உண்மையிலேயே விதையில் சந்தேகமென்றால் முதலில் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே ஒரு கோடை முழுக்கக் கிடந்த விதையில் பாதிகூட முளைக்காமல் போகலாம். அவசரமும் வேண்டாம். தக்காளி ஒரு கிழமையில் தலை காட்டும். மிளகாய் சிலவேளை இரண்டு கிழமை எடுக்கும். நாலாம் நாளே கிண்டிப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வேலை என்றுதான் சொல்லி வருகிறேன். உண்மையில் நானும்தான்.

முளைத்த பிறகு குசினி மூலையில் வைத்தால் நாற்று வெளிச்சத்தைத் தேடி வெளிறி நீளும். அப்படி நீண்டது பிறகு தடிக்காது. காலை வெயில் படும் விறாந்தை ஓரத்துக்கு மாற்றி, தினமும் கோப்பையைத் திருப்பி வையுங்கள். ஒரு பக்கம் சாயாது.

தக்காளி மூன்று நாலு கிழமையிலும் மிளகாய் நாலைந்து கிழமையிலும் நடத் தயாராகும். நிழலில் வளர்ந்ததை நேரே வெயிலில் நட்டால் இலை வெந்துவிடும். முதல் நாள் ஒரு மணித்தியாலம், மறுநாள் இரண்டு என்று ஒரு கிழமை பழக்கி, பின்னேரத்தில் நடவேண்டும். கார்த்திகை நடுவில் மிளகாய் போட்டால், மழை குறையும் மார்கழிக் கடைசியில் நடக் கணக்குச் சரியாக வரும்.

வெண்டி, பயற்றை, பூசணிக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. வேரைக் கலைத்தால் அவற்றுக்குப் பிடிக்காது. நேரே நிலத்தில் ஊன்றுங்கள். கோழிக்கு மட்டும் மேலே முள்ளுக் கொப்பு போடுங்கள்.