கட்டுமானத் தொழில் பயில்வோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

கொத்து வேலை, தச்சு, வெல்டிங், குழாய் பொருத்துதல் போன்ற தொழில்களைப் பயில்வோர், உதவித்தொகை பற்றி முதலில் தமது பயிற்சி நிலைய அலுவலகத்திலும், அடுத்து ஒப்பந்ததாரர் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், கருவி உற்பத்தி நிறுவனங்கள் ஆகியவற்றிலும் விசாரிக்க வேண்டும். உதவி பயிற்சிக் கட்டணத்துக்கு மட்டுமா, கருவிகள், தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி ஆகியவற்றுக்கும் உண்டா என்பதை விதிமுறைகளில் பார்க்கவும். படிப்பு முடிந்தபின் உதவித்தொகை தரும் நிறுவனத்திலேயே பணிபுரிய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், இடையில் விலகுவோர் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டறிவது அவசியம்.

விண்ணப்பக் கட்டுரையில்தான் பலர் சறுக்குகின்றனர். தம்மைக் கடின உழைப்பாளி என்று வர்ணிப்பதைவிட, தூக்குக்குண்டு (நூலில் தொங்கும் எடைக்குண்டு) பிடித்துச் சுவரின் சாய்வைக் கண்டறிந்து, மேல் 2 வரிசைச் செங்கற்களைப் பிரித்து மீண்டும் கட்டிய விதத்தை விவரிப்பது தேர்வாளரை எளிதில் நம்பவைக்கும். பரிந்துரைக் கடிதத்தை, அந்த வேலையை நேரில் பார்த்த பயிற்றுநரிடமே கேட்பது நன்று.