மேலுதட்டுக்கு நூல் போதும், தாடைக்கு முதலில் ஒரு கேள்வி

பாளையங்கோட்டையில் 19 வருடமாக பார்லர் நடத்துகிறேன். நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் துப்பட்டாவால் தாடையை மூடிக்கொண்டே இருக்கும் பெண்கள் வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். "அக்கா, இதை மட்டும் எடுத்து விடுங்க" என்பார்கள். எடுத்துவிடலாம். ஆனால் அது எந்த முடி என்று பார்க்காமல் நான் நூலைத் தொடுவதில்லை.

நீங்களும் முதலில் ஜன்னல் பக்கம் நின்று கண்ணாடியில் பாருங்கள். கன்னத்தில் மெல்லிசாக, நிறம் வெளுத்து இருப்பது பூனை முடி. அது எல்லோருக்கும் உண்டு, விட்டுவிடலாம். தாடையிலும் அதற்குக் கீழே கழுத்திலும் கறுப்பாகத் தடித்து விரலில் குத்தினால் அது வேறு. ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் தூண்டித்தான் பூனை முடி அப்படி மாறுகிறது. பெண் உடம்பிலும் அது கொஞ்சம் சுரக்கும். அளவு கூடினாலோ, முடியின் வேர் அதற்கு அதிகம் இணங்கினாலோ தாடையில் தெரியும்.

அதனால் தாடை முடி என்றால் நான் கேட்பது ஒன்றுதான்: மாதம் மாதம் சரியாக நாள் வருகிறதா?

காலேஜ் படிக்கும் பெண் ஒருத்தி பத்து நாளைக்கு ஒருமுறை தாடைக்கு த்ரெட்டிங் செய்ய வந்துகொண்டிருந்தாள். ஆறாவது தடவைதான் எனக்கு இதைக் கேட்கத் தோன்றியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்றாள். டாக்டரிடம் போகச் சொன்னேன். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்ததில் பிசிஓஎஸ், அதாவது ஹார்மோன் சமநிலை தவறும் சினைப்பைக் கோளாறு என்று தெரிந்தது. முதல் தடவையே கேட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. மாத்திரை ஆரம்பித்தாலும் முடி குறைவது தெரிய ஆறு மாதமாவது ஆகும். ஏற்கெனவே தடித்த முடி தன் வளர்ச்சிச் சுற்று முடிந்துதான் உதிரும். அதுவரை த்ரெட்டிங் செய்துகொள்ளலாம், தப்பில்லை. சில மாதங்களிலேயே மளமளவென்று வளர்ந்து, குரலும் கட்டையானால் மட்டும் தள்ளிப்போடாமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்பேன். முகம் வெளுக்க மெடிக்கலில் ஏதாவது கிரீம் வாங்கிப் போடுகிறீர்களா? அந்த ட்யூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, கன்னமெல்லாம் முடி வளரும். அதைத் திடீரென்று நிறுத்தினாலும் முகம் எரியும் என்பதால், தோல் டாக்டரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

சரி, எடுக்கும் முறைக்கு வருவோம். மேலுதட்டுக்கு நூலைப் போல எதுவும் இல்லை. வீட்டில் செய்வதென்றால் பருத்தி நூலில் இரண்டு முழம் எடுத்து நுனிகளை முடிந்து வளையமாக்கி, நடுவில் எட்டுப் பத்து முறுக்கு கொடுங்கள். முகத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, லேசாகப் பவுடர் போடுங்கள். நாக்கை உள்ளிருந்து மேலுதட்டில் அழுத்தினால் தோல் விறைப்பாக நிற்கும். ஒரு கை விரல்களை விரித்தால் முறுக்கு மறுபக்கம் ஓடும். முடி வளரும் திசைக்கு எதிராக அதை ஓடவிட வேண்டும். தோல் தளர்ந்திருந்தால் முடி வேரோடு வராமல் பாதியில் அறுந்துவிடும், வலியும் அதிகம். முடிந்ததும் ஐஸ் ஒத்தடமும் கற்றாழைச் சோறும் போதும். அன்றைக்கு பிளீச், ஃபேஷியல், ஆவி எதுவும் வேண்டாம். பார்லரில் செய்தால் உங்களுக்குப் புது நூல் வெட்டுகிறார்களா என்று பாருங்கள்.

தாடையில் சுருட்டைத் தடிமுடியைத் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் முடி தோலுக்குள்ளேயே வளைந்து, பருவாகி, கறுப்புத் தழும்பாக நிற்கும். அங்கே முகத்துக்கான சின்ன ரேசர் நல்லது. "ஷேவ் பண்ணினால் தாடி மாதிரி வளரும்" என்று பயப்படாதீர்கள். ரேசர் வேரைத் தொடுவதே இல்லை. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால்தான் கைக்குத் தடிப்பாகத் தெரிகிறது.

பருவுக்கு ரெட்டினாய்டு என்ற வைட்டமின் ஏ வகை கிரீமோ மாத்திரையோ எடுப்பவர்கள் முகத்துக்கு வேக்ஸிங் செய்யவே கூடாது. தொழில் தொடங்கிய புதிதில் இதைக் கேட்காமல் செய்து, ஒருவருக்கு மேலுதட்டில் தோலே உரிந்து வந்துவிட்டது. கறுப்பு மறைய மாதங்கள் ஆயின. முடி நீக்கும் கிரீம் என்றால் முகத்துக்கென்று எழுதியதை மட்டும் வாங்கி, காதுக்குக் கீழே சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் வளர்ந்த தடிமுடியை உதிர்த்து நான் பார்த்ததில்லை.

லேசருக்குத் தோல் டாக்டரிடமே போங்கள். நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் லேசர் கருவி பாதுகாப்பானது. நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒன்றாக ஆறு எட்டு முறை போக வேண்டும். போவதற்கு முந்தைய நாலு வாரமும் நூல் கூடாது, ரேசர் மட்டும்தான். வேர் உள்ளே இருந்தால்தான் லேசர் அதைப் பிடிக்கும். பிசிஓஎஸ்ஸுக்கு மருந்து எடுக்காமல் லேசர் மட்டும் செய்தால் புது முடி வந்துகொண்டே இருக்கும்.

மாதவிடாய் நின்றபின் தாடையில் ரெண்டு மூன்று வெள்ளை முடி முளைத்து வரும் அம்மாக்களிடம் லேசருக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பேன். வெள்ளை முடியை லேசர் பிடிக்காது. ஸ்பிரிட்டால் துடைத்த ட்வீசரால் எடுத்துவிட்டாலே போதும்.