யேனாவை ஒரே நாளில் நடந்தே பார்ப்பது எப்படி?

ஜெர்மனியில் வைமார் வரை போகிறவர்கள் பலரும் பக்கத்திலேயே இருக்கும் யேனாவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மூக்குக்கண்ணாடியிலும் ஃபோன் கேமராவிலும் 'ஸைஸ்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கம்பெனி பிறந்த ஊர் இதுதான். தனித்தனியாக இடங்களைத் தேடி ஓடாமல் கீழே சொல்லும் வரிசையில் நடந்தால், ஊரின் கதை தானாகவே பிடிபடும்.

படி 1: திங்கட்கிழமை வேண்டாம், மியூசியங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். வைமாரிலிருந்து வந்தால் யேனா வெஸ்ட், லைப்ஸிக் பக்கமிருந்து வந்தால் யேனா பாரடீஸ், இரண்டு ஸ்டேஷனிலிருந்தும் ஊருக்குள் நடந்துவிடலாம்.

படி 2: முதலில் ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் தோட்ட வீடு. 1789-ல் யேனா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக அவர் முதல் உரை நிகழ்த்தியபோது கூட்டம் தாங்காமல் பெரிய அரங்குக்கு மாற வேண்டியிருந்தது. வீட்டுத் தோட்டத்தில் அவரும் அவருடைய நண்பரான கவிஞர் கோதேவும் உட்கார்ந்து பேசிய கல்மேசை இருக்கிறது, தவறவிடாதீர்கள்.

படி 3: கார்ல் ஸைஸ் சதுக்கத்துக்கு வாருங்கள், நிறைய நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இதுதான். ஸைஸ் 1846-ல் இந்த ஊரில் சின்னப் பட்டறை ஒன்றைத் திறந்தார். அப்போதெல்லாம் மைக்ரோஸ்கோப் லென்ஸைச் செய்து பார்த்து, சரிவராவிட்டால் மறுபடி தேய்த்து, இப்படிக் குத்துமதிப்பாகத்தான் செய்வார்கள். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த எர்ன்ஸ்ட் ஆபே வந்துதான் அதைக் கணக்குப் போட்டுச் செய்யும் வேலையாக மாற்றினார். கணக்குக்கு ஏற்ற கண்ணாடி வேண்டுமே, அதற்குக் கண்ணாடி வேதியியலாளர் ஓட்டோ ஷாட் வந்தார், 1884-ல் கண்ணாடி ஆலை எழுந்தது. ஸைஸ் இறந்தபின் ஆபே 1889-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, கம்பெனியில் தன் பங்கையே அதற்கு எழுதிக்கொடுத்துவிட்டார். தொழிலாளர்களுக்கு 1900-லேயே எட்டு மணி நேர வேலை! எதிரே நிற்கும் ஃபோல்க்ஸ்ஹவுஸ் ('மக்கள் இல்லம்') அந்த அறக்கட்டளைப் பணத்தில் ஊர் மக்களுக்காகக் கட்டியது. அப்புறம் எண்கோண ஆபே நினைவகத்தைச் சுற்றி ஒருமுறை நடங்கள்.

படி 4: யென்டவர். 1972-ல் கட்டிய உருளைக் கோபுரம், அழகு என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மேலே ஏறினால் சாலே ஆற்றுப் பள்ளத்தாக்கும் சுண்ணாம்புக் குன்றுகளும் முழுசாகத் தெரியும்.

படி 5: மார்க்கெட் சதுக்கத்தில் சாப்பாடு. யேனா இருக்கும் துரிங்கியா மாநிலத்தின் வறுத்த சாசேஜ்தான் ஊர்ப் பண்டம், சைவம் என்றால் பேக்கரியைப் பார்க்கலாம். அங்கே வாளோடு நிற்கும் சிலை 1558-ல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வித்திட்ட, இந்தப் பகுதியை ஆண்ட யோஹான் ஃபிரிட்ரிஷ்.

படி 6: தாவரவியல் பூங்கா, பக்கத்திலேயே பிளானட்டேரியம். 1926-லிருந்து இயங்குகிறது, உலகில் இன்றும் நடக்கும் பிளானட்டேரியங்களில் இதுதான் மூத்தது. டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். விளக்கம் பெரும்பாலும் ஜெர்மனில் இருக்கும். ஜெர்மன் தெரியாதவர்கள் இசையோடு நடக்கும் காட்சியாகப் பார்த்து எடுப்பது நல்லது.