கற்பனைப் பேரரசு எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக மிகைபுனைவு எழுதுகிறவர்களின் பிரதிகளில் ஒரே பேரரசுதான் திரும்பத் திரும்ப வருகிறது: கொடுங்கோல் மன்னன், பொன் நிரம்பிய கருவூலம், சொன்னதைச் செய்யும் பூசாரிகள். பெயர்க் குழப்பம், வரைபடப் பிழை எல்லாம் இரண்டாம் வாசிப்பில் சரியாகிவிடும். அஸ்திவாரப் பிழைகள் அப்படிப் போகாது.

வரி தானாகத் தலைநகர் போய்ச் சேராது

"விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு" என்று எழுதுகிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் கருவூலத்தில் பொற்காசு குவிந்து கிடக்கிறது. உழவனிடம் இருப்பது தானியம். அது எங்கே, யாரிடம் காசானது? எத்தனை நல்ல நாவல்களை இந்த ஓட்டை கெடுத்திருக்கிறது!

கணக்குப் போடுங்கள். 20,000 பேர் படை, ஆளுக்கு நாளைக்கு 1 கிலோ என்றால் 20 டன். வண்டிக்கு 500 கிலோ வீதம் தினமும் 40 மாட்டுவண்டிகள் வந்து இறக்க வேண்டும். களஞ்சியம் 200 கி.மீ. தள்ளி இருந்து, மாடு நாளைக்கு 20 கி.மீ. நடந்தால், போக வர 20 நாள். ஆக எந்நேரமும் 800 வண்டிகள் சாலையில். அந்த மாடுகளுக்கும் தீவனம் வேண்டும். ரோமப் பேரரசன் டயோக்ளீஷியனின் கி.பி. 301 விலை ஆணைப்படி, 300 ரோமானிய மைல் போனால் வண்டிக்கூலியே கோதுமை விலைக்குச் சமமாகிவிடும்.

ஆகவே தலைநகரை ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ வையுங்கள். அல்லது துருக்கிய ஒட்டோமான் பேரரசின் திமார் முறைபோல, ஊர் வரியைக் குதிரைவீரனுக்கே ஒதுக்குங்கள். போர் வந்தால் சொந்தக் குதிரை, ஆயுதத்தோடு அவன் வந்து நிற்க வேண்டும். காசாகத்தான் வேண்டுமென்றால், அக்பர் ஆட்சியில் 1580இல் செய்ததுபோலப் பத்தாண்டு விளைச்சலையும் விலையையும் சராசரி பார்த்துப் பயிர்வாரியாக விகிதம் வையுங்கள். அப்போது அறுவடை முடிந்ததும் எல்லோரும் ஒரே வாரத்தில் விற்பார்கள், விலை விழும், வட்டிக்காரன் வருவான். கதைக்கு அவன் வேண்டும்.

பிறகு ஒரே ஒரு நெற்களத்தைக் காட்டுங்கள். தூற்றிய நெற்குவியலான பொலியின்மேல் ஈரமண் முத்திரை. அளவு முடியும்வரை யாரும் தொடக் கூடாது. அரசுக்கு அளக்கும்போது அளவுக்காரன் மரக்காலைக் குவித்து அளக்கிறான். உழவன் பங்கைத் தலைதட்டி அளக்கிறான். அந்தக் குவியலில் இருக்கிறது ஊழல்.

ஊர்தோறும் சிப்பாய்

10,000 ஊர் இருந்தால், ஊருக்கு ஐந்து பேர் வைத்தாலே 50,000 பேர். வசூலிப்பவன் ஊர்த்தலைவன், படை வருவது மறுத்த ஊருக்கு மட்டும்.

பசித்தால் கிளர்ச்சி

பசி மட்டும் போதாது. பழைய சலுகை ஒன்று பறிபோக வேண்டும்.

மதச்சட்டம் என்றால் மன்னன் விருப்பம்

மதச்சட்டம் மன்னனையும் கட்டும். எந்த வரி ஆகும், யாருக்கு விலக்கு என்று அது முன்பே சொல்லியிருக்கும். கருவூலம் காலியானாலும் அதைத் தாண்டுவது எளிதல்ல. ஒட்டோமான் சுல்தான்கள் ஷரியத் என்ற இஸ்லாமிய மதச்சட்டத்துக்குப் பக்கத்தில் 'கானூன்' என்று தனிச் சட்டம் வைத்திருந்தார்கள். காஜி என்ற நீதிபதி இரண்டையும் பார்த்தே தீர்ப்புச் சொன்னார். அதே மதச்சட்டத்தின் கீழ் இந்தியாவில் அக்பர் முஸ்லிம் அல்லாதவர்கள் மீதான ஜிஸியா வரியை 1564இல் நீக்கினார், ஔரங்கசீப் 1679இல் மீண்டும் விதித்தார். உங்கள் பேரரசில் அந்த இழுபறி எந்த வரியை வைத்து நடக்கிறது, தீர்ப்பு எழுதுகிறவருக்குச் சம்பளம் எந்த ஊர் வரியிலிருந்து போகிறது என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.