டர்பனிலிருந்து சென்னைக்கு முதல் முறை பிசினஸ் கிளாஸில்

டர்பனிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்தே துபாய்க்கு எமிரேட்ஸ் போகிறது. ஜோகன்னஸ்பர்க் போய் ஏறினால் தோஹா வழியாகக் கத்தார், அடிஸ் அபாபா வழியாக எத்தியோப்பியன் என்று வேறு வழிகளும் உண்டு. துபாய், தோஹா வரை எட்டு, எட்டரை மணி நேரம். அங்கிருந்து சென்னைக்கு நாலு, நாலரை. கல்யாணம், கோயில் என்று வருஷக்கணக்காக எகானமியில் போய்ப் பழகிய குடும்பங்கள், வயதான அப்பா அம்மாவுக்காக ஒரு தடவையாவது பிசினஸ் கிளாஸ் போடலாம் என்று இறங்கும்போது, அந்தக் காசைப் பயணத்தின் எந்தக் கட்டத்தில் போடுவது என்பதில்தான் முதலில் தடுமாறுகிறார்கள்.

பிசினஸ் கிளாஸில் நீங்கள் வாங்குவது தூக்கம். சாப்பாடும், விமான நிலைய ஓய்வறையான லவுஞ்சும் கூடவே வருகிற உபசாரம், அவ்வளவுதான். டர்பன் துபாய் விமானம் சாயங்காலம் கிளம்பி விடிகாலையில் இறங்குகிறது. திரும்பி வரும்போது துபாயில் காலையில் ஏறி, சாயங்காலத்துக்குள் டர்பனில் இறங்கிவிடுவீர்கள். பகலில் எட்டு மணி நேரம் படம் பார்க்க இரண்டு மடங்கு, மூன்று மடங்கு காசு கொடுக்கத் தேவையில்லை. ஒரு கட்டத்துக்குத்தான் வசதி இருக்கிறது என்றால், போகும்போது வரும் அந்த ராத்திரிக் கட்டத்தை எடுங்கள். துபாய் சென்னை நாலு மணி நேரம்தானே, எகானமி போதும்.

டிக்கெட்டில் எதைப் பார்ப்பது

இணையத்தில் தேடும்போது மலிவாக வரும் பிசினஸ் டிக்கெட்டைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். மூன்று இடத்தில் சறுக்கும்.

முதலாவது, கலப்பு கேபின். ஜோகன்னஸ்பர்க் வழியாகப் போகிற டிக்கெட்டில் நீளமான கட்டம் எகானமியாகவும் குட்டிக் கட்டம் பிசினஸாகவும் இருக்கலாம். மொத்த விலைக்குப் பக்கத்தில் பிசினஸ் என்றுதான் போட்டிருக்கும். ஒவ்வொரு விமான எண்ணையும் திறந்து, அதற்கு நேரே எந்த வகுப்பு என்று தனித்தனியாகப் பாருங்கள்.

இரண்டாவது, கட்டண வகை. எமிரேட்ஸில் ‘ஸ்பெஷல்’, கத்தாரில் ‘லைட்’ என்ற பெயரில் வருகிற மலிவு பிசினஸ் டிக்கெட்டுக்குச் சீட்டும் சாப்பாடும் அதேதான். ஆனால் லவுஞ்ச் கிடையாது, முன்கூட்டியே இலவசமாக சீட் எடுக்க முடியாது. எமிரேட்ஸின் வீட்டுக்கே வந்து ஏற்றிப்போகும் கார் வசதியும் ஸ்பெஷலில் இல்லை. துபாயில் உங்கள் இடைவேளை இரண்டு மணி நேரம்தான் என்றால் இந்த வகையே போதும், தாராளமாக வாங்கலாம். ஆறு, ஏழு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால் ஒரு படி மேலே உள்ள வகையின் விலையையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது, ஏலம். எகானமி டிக்கெட் வாங்கியவர்களுக்குச் சில நிறுவனங்கள் ‘எவ்வளவு கொடுத்தால் மேல் வகுப்புக்கு வருவீர்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்பும். நீங்கள் சொல்லும் தொகை பெரும்பாலும் ஒருவருக்கு, ஒரு கட்டத்துக்கு. நாலு பேர் குடும்பத்துக்கு மொத்தமாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டு பிறகு கார்டில் நாலு மடங்கு கழிந்ததைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. ஏற்றுக்கொண்டபின் பணம் திரும்பாது. லக்கேஜ் அளவும் பல நிறுவனங்களில் பழைய எகானமி அளவாகவே நிற்கும்.

அடிஸ் அபாபா வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எத்தியோப்பியா போல மஞ்சள் காய்ச்சல் பரவும் நாட்டில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கி மாறி வருபவர்களிடம் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். லவுஞ்ச் இருக்கிறதே என்று நீண்ட இடைவேளையை எடுத்துவிட்டு, திரும்பி வரும்போது குடியேற்றக் கவுண்டரில் மாட்டிக்கொள்ளக் கூடாது. இந்தியாவும் அந்த நாடுகளிலிருந்து வருபவர்களிடம் இதே சான்றிதழைக் கேட்கும் என்பதால், அந்த வழியில் போவதானால் ஊசி போட்டுக்கொண்டு கிளம்புவதே நிம்மதி.

சீட்

‘பிசினஸ் என்றால் எல்லாம் ஒன்றுதான்’ என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறும் இடம் இது. ஒரே நிறுவனத்தில், ஒரே விலையில், விமானத்துக்கு விமானம் சீட் மாறும். டிக்கெட் வாங்கும் முன்பே சீட் வரைபடத்தைத் திறந்து, ஒரு வரிசையில் எத்தனை சீட் என்று எண்ணுங்கள்.

1-2-1 என்று இருந்தால் (நடுவில் உள்ள கோடுதான் நடைபாதை) யாரையும் தாண்டாமல் எல்லோரும் நடைபாதைக்கு வரலாம். 2-3-2 என்று இருந்தால் அது பழைய அமைப்பு. எமிரேட்ஸின் 777 விமானங்கள் பலவற்றில் இன்னும் இதுதான், புதுப்பித்தவற்றில்தான் 1-2-1. பழைய அமைப்பில் நடுவில் ‘இ’ எழுத்து சீட்டில் மாட்டினால் இரண்டு பக்கமும் ஆள். ஜன்னலோரம் ‘ஏ’ அல்லது ‘கே’ எடுத்தால், பக்கத்தில் இருப்பவர் படுத்தபின் கழிவறைக்குப் போக அவர் காலைத் தாண்ட வேண்டும். ராத்திரியில் இரண்டு தடவை எழுகிற பெரியவர்களுக்கு நடைபாதை சீட்டே சரி. ஜோடியாகப் போகிறவர்கள் ஜன்னலோரத்து இரண்டையும் சேர்த்து எடுத்தால் பிரச்சினையே இல்லை.

எமிரேட்ஸின் இரண்டு மாடி விமானமான ஏ380இல் பிசினஸ் மேல்தளத்தில். அங்கே ‘ஏ’, ‘கே’ நிஜமான ஜன்னல் சீட். ‘பி’, ‘ஜே’ நடைபாதையை ஒட்டியவை. நடுவில் ‘இ’யும் ‘எஃப்’பும் ஒட்டி இருக்கும், கணவன் மனைவிக்கு நல்லது. முன்பின் தெரியாத ஆளோடு அப்படிப் படுப்பது சங்கடம், தனியாகப் போகிறவர்கள் ‘டி’ அல்லது ‘ஜி’ எடுக்கட்டும். கடைசி வரிசைகளுக்குப் பின்னால் பார் இருக்கிறது. ராத்திரி பூராவும் பேச்சுச் சத்தம் வரும்.

கத்தாரின் ‘கியூசூட்’ என்ற பிசினஸ் சீட்டில் கதவு உண்டு. அதில் சில சீட் பின்னோக்கிப் பார்த்திருக்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் வரைபடத்தில் சீட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, கால் வைக்கும் பொந்து. பல சீட்டுகளில் முன் சீட்டுக்கு அடியில் ஒரு பொந்துக்குள்தான் கால் போகும். உயரமானவர்கள், பெரிய பாதம் உள்ளவர்கள் அதில் காலைத் திருப்ப முடியாமல் அவதிப்படுவார்கள். தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில் அந்த இடம் பெரும்பாலும் அகலம். ஆனால் தொட்டில் மாட்டுகிற இடமும் அங்கேதான். குழந்தை அழும்.

சாப்பாட்டுக் குறியீடு

புரட்டாசி மாதம் சைவம், வெள்ளிக்கிழமை சைவம் என்று இருக்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு: ‘இந்து உணவு’ என்று பதிவு செய்துவிடுவது. எச்.என்.எம்.எல். என்ற அந்தக் குறியீட்டில் மாட்டிறைச்சி இருக்காது. கோழி, ஆடு, மீன் வரும். மசாலா போட்ட இந்தியச் சைவம் வேண்டும் என்றால் ஏ.வி.எம்.எல். வி.ஜி.எம்.எல். என்பது பால், தயிர், நெய்கூட இல்லாதது. பெரும்பாலும் வேகவைத்த காய்தான் வரும், டர்பன் நாக்குக்கு அது காணாது. பூண்டு வெங்காயம் தவிர்ப்பவர்களுக்கு ஜைன உணவு, வி.ஜே.எம்.எல். கிளம்ப 24 மணி நேரம் இருக்கும்போதே பதிவு முடிந்திருக்க வேண்டும். போகும் கட்டத்துக்கும் வரும் கட்டத்துக்கும் தனித்தனியாக.

விரதம் இல்லாத நாளில் சிறப்பு உணவு கேட்காதீர்கள் என்பதே எங்கள் யோசனை. இந்தப் பாதைகளில் மெனுவிலேயே சைவம் ஒன்று இருக்கும், அது மேலாகவும் இருக்கும்.

கிளம்பும் நாள்

பிசினஸ் கவுண்டர் தனி வரிசை. ஆனால் கவுண்டர் மூடும் நேரம் எல்லோருக்கும் ஒன்றே, பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. மொத்த அளவு எவ்வளவு அதிகமானாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அங்கேயே திறந்து மாற்றச் சொல்வார்கள். ஆயா கொடுத்தனுப்பிய ஊறுகாய் புட்டி கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும், 100 மில்லி விதி பிசினஸுக்கும் உண்டு. கல்யாண நகையோடு போகிறவர்கள் புறப்படும்போதே சுங்கக் கவுண்டரில் பதிந்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்வி வராது.

சார்ஜர் விஷயம் தென்னாப்பிரிக்கர்களுக்கே உரிய தொல்லை. நம் வீட்டுப் பெரிய மூன்று பின் பிளக் விமான சாக்கெட்டில் நுழையவே நுழையாது. இரண்டு மெல்லிய பின் உள்ள போன் சார்ஜர் நுழையும். லேப்டாப்புக்கு அடாப்டர் கையில் இருக்கட்டும். லோட்ஷெடிங் என்ற மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய பெரிய பவர் பேங்க் வேண்டாம்: வரம்பு 100 வாட் மணி, அதாவது ஏறக்குறைய 27,000 எம்.ஏ.எச். பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான். எமிரேட்ஸில் 2025 அக்டோபர் முதல் ஆளுக்கு ஒன்றுதான், விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் கூடாது.

உள்ளே போனதும்

உட்கார்ந்தவுடன் எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்க்க ஆசை வரும். தரையில் இருக்கும்போது செய்துவிடுங்கள். சீட் வேலை செய்யவில்லை என்றால் வேறு இடம் மாற்றக் கதவு மூடும் முன்பே கேட்க வேண்டும். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் சீட் நிமிர்ந்தே இருக்கும்.

தூக்கத்தின் கணக்கு இது. விமானம் ஏறி ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு தொடங்கும். முதல் தட்டு, முக்கியத் தட்டு, இனிப்பு, பழம் என்று முறைப்படி சாப்பிட்டால் ஒன்றரை மணி நேரமாவது போகும். இறங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது காலை உணவுக்கு விளக்கு போடுவார்கள். எட்டரை மணி நேரத்தில் மிச்சம் நாலுதான். வீட்டிலோ லவுஞ்சிலோ சாப்பிட்டுவிட்டு ஏறி, ‘எனக்கு ஒரு தட்டு மட்டும் போதும், காலை உணவுக்கு எழுப்ப வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஆறு மணி நேரம் கிடைக்கும். முதல் முறை போகிறவர்கள் எல்லாவற்றையும் ருசி பார்க்க நினைப்பது இயல்புதான். அதைப் பகல் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

படுக்கையை நீங்களே போட வேண்டியதில்லை. கழிவறைக்குப் போய் உடை மாற்றப் போகும்போது பணிப்பெண்ணிடம் சொன்னால், வருவதற்குள் மெத்தை விரித்திருப்பார். படுக்கும் முன் மூன்று வேலை. கண்ணாடியைப் பக்கத்து அலமாரியில் வையுங்கள், படுக்கையில் வேண்டாம். போனையும் அப்படியே. பெல்ட்டைப் போர்வைக்கு மேலே, தெரிகிற மாதிரி போடுங்கள். காற்று குலுங்கும்போது பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்கத்தான் எழுப்புகிறார்கள்; கண்ணுக்குத் தெரிந்தால் விட்டுவிடுவார்கள்.

சேலையில் வரும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. சீட் படுக்கையாக நகரும்போது முதுகுப்பக்கமும் கால்பலகையும் எதிரெதிராக ஓடும், நடுவில் விரல்கனம் இடுக்கு. முந்தானையோ கொசுவமோ அதில் போனால் சீட்டோடு சுருண்டு உள்ளே இழுபடும், பட்டு கிழியும். பட்டனிலிருந்து விரலை எடுத்தாலே பெரும்பாலும் சீட் நின்றுவிடும். சீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் பட்டனை அழுத்தி மெதுவாகச் சேலையை வெளியே கொண்டுவரலாம். சல்வாரோ, தளர்ந்த பேண்ட்டோ போட்டு ஏறி, சேலையைக் கைப்பையில் வைத்துக்கொள்வது மேல்.

அதே இடுக்கில் போன் விழுந்தால் கதை வேறு. சீட்டை எந்தப் பக்கமும் நகர்த்தாதீர்கள், கையை விட்டுத் துழாவவும் வேண்டாம். இயந்திரத்தில் நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அழைப்பு மணியை அடித்து, எழுந்து நின்று, அவர்களே எடுக்கட்டும்.

கேபின் காற்று மிக வறண்டது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் கேளுங்கள். படுத்தே வந்தாலும் முழித்த நேரத்தில் கொஞ்சம் நடக்க வேண்டும், காலில் வீக்கம் வருபவர்கள் மருத்துவர் சொன்ன இறுக்கக் காலுறையைப் போட்டுக்கொண்டே ஏறுங்கள். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலியை இரண்டு நாள் முன்பே பதியலாம். காசு கிடையாது.

துபாயில்

உங்கள் டிக்கெட்டில் லவுஞ்ச் இருந்தால், நுழைந்ததும் முதலில் குளியலறைக்குப் பெயர் கொடுங்கள், பிறகு சாப்பாடு. விடிகாலையில் எல்லா விமானமும் ஒரே நேரத்தில் இறங்குவதால் வரிசை நிற்கும். டெர்மினல் 3இல் ஏ, பி, சி மூன்று பகுதியிலும் எமிரேட்ஸ் லவுஞ்ச் இருக்கிறது. உங்கள் சென்னை விமானத்தின் கேட் எந்தப் பகுதி என்று பார்த்து அங்கே உள்ளதற்கே போங்கள், ஏ பகுதிக்கு ரயிலில் போக வேண்டும். லவுஞ்சில் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று நம்பிக் கண் அசராதீர்கள், கைபேசியில் அலாரம் வையுங்கள். கைக்கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னே தள்ளியாயிற்றா என்றும் பாருங்கள். சென்னையில் இன்னும் ஒன்றரை மணி நேரம் தள்ள வேண்டும்.

இறங்கும் முன் பக்க அலமாரி, அதன் மூடி, சார்ஜர் சாக்கெட், சீட் ஓரத்து வலைப்பை நாலையும் கையால் தடவிப் பாருங்கள். எகானமியில் ஒரே ஒரு பைதான் இருக்கும், மறக்க இடமில்லை. இங்கே பெட்டி பெட்டியாக இடம் இருப்பதால்தான் பாஸ்போர்ட்டும் பல்செட்டும் விட்டுப்போகிறது. ஹெட்போன் விமானத்துடையது, அதை வைத்துவிட்டு இறங்குங்கள்.