பிள்ளை தலையில் ஒரு வெள்ளை முடி: பதற்றத்தில் நாம் செய்யும் தவறுகள்

அப்போது என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட உட்கார வைத்தபோது உச்சிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை முடி பளிச்சென்று தெரிந்தது. அக்கா "ஐயோ" என்றாள், வெடுக்கென்று பிடுங்கினாள், உள்ளங்கையில் வைத்து வீட்டில் எல்லோருக்கும் காட்டினாள். சாயங்காலத்துக்குள் எதிர்வீட்டு அத்தை, ஊரிலிருந்து போனில் பெரியம்மா, குடும்ப வாட்ஸ்அப் குழு என்று ஆளுக்கொரு காரணமும் ஆளுக்கொரு வைத்தியமும் வந்து குவிந்தன. போர் தண்ணீர்தான் காரணம் என்றார் ஒருவர். ஷாம்பு என்றார் இன்னொருவர். பித்தம், செல்போன், படிப்பு என்று பட்டியல் நீண்டது. அந்தப் பிள்ளை கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "சித்தி, நான் சீக்கிரம் கிழவி ஆயிடுவேனா?"

அதற்குப் பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன், டாக்டர்களிடமும் கேட்டேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இளநரை பிள்ளைகளை அவ்வளவாகத் துன்புறுத்துவதில்லை. அதைப் போக்குகிறேன் என்று கிளம்பும் பெரியவர்கள்தான் துன்புறுத்துகிறோம்.

முதலில் அது நரைதானா என்று பார்க்கவேண்டும். சிரிக்காதீர்கள், பாதிப் பதற்றம் இங்கேயே அடங்கிவிடும். முடியில் ஒட்டிய ஈரும் பொடுகும் தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளையாகத்தான் தெரியும். வெயிலில் ஆடும் பிள்ளைகளின் நுனிமுடி செம்பட்டையாகும், அதுவும் நரை இல்லை. ஆனால் தலைமுடி முழுக்கச் செம்பட்டையாகி, மெலிந்து, இழுத்தால் கையோடு வருகிறது, பிள்ளையும் இளைத்து வீங்கித் தெரிகிறது என்றால் புரதச்சத்துக் குறைவாக இருக்கலாம். அதை உடனே டாக்டரிடம் காட்டவேண்டும்.

பிடுங்குவதும் மொட்டை போடுவதும்

ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்தில் பத்து முளைக்கும் என்று பாட்டிகள் சொல்வார்கள். அது உண்மை இல்லை, ஆனாலும் அந்தப் பயம் நல்லதுக்குத்தான். ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனி. அதன் அடியில் நிறமி செய்யும் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. முடி வளர வளர மெலனின் என்ற கறுப்பு நிறமியை அதற்குள் ஏற்றி அனுப்புவது அவற்றின் வேலை. அந்த வேலை நின்றுபோன மயிர்க்காலிலிருந்து வருவதுதான் வெள்ளை முடி. பிடுங்கினாலும் அதே குழியிலிருந்து அடுத்ததும் வெள்ளையாகத்தான் வரும். திரும்பத் திரும்பப் பிடுங்கினால் அந்த இடம் புண்ணாகும், சீழ் கோக்கும், கடைசியில் முடியே முளைக்காமலும் போகலாம். கண்ணை உறுத்துகிறது என்றால் கத்தரிக்கோலால் அடியோடு ஒட்ட வெட்டிவிடுங்கள், போதும்.

மொட்டையும் அப்படித்தான். பழனிக்கோ குலதெய்வத்துக்கோ நேர்ந்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். நரைக்காகப் போடுவதில் பலன் இல்லை. கத்தி தோலுக்கு மேலே வேலை செய்கிறது, நிறமி தோலுக்குக் கீழே இருக்கிறது. மாதம் சுமார் 1 செ.மீ. வீதம் வளர்ந்து, இரண்டே மாதத்தில் பழையபடி வெள்ளை தெரிய ஆரம்பிக்கும்.

கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் பற்றிக் கேட்பீர்கள். தேய்க்கலாம், முடி வறளாமல் பளபளப்பாக இருக்கும். வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத நார், அதற்குள் எண்ணெய் போய் மெலனினை உண்டாக்காது. எண்ணெயை நம்பி ஆறு மாதம் டாக்டரிடம் போகாமல் இருப்பதுதான் இதில் உள்ள தவறு.

பித்தம் என்று முட்டையை நிறுத்துவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான். இளநரைக்குப் பித்த நரை என்றே பெயர் வைத்திருக்கிறோம். பித்தம் கூடிவிட்டது, உடம்பு சூடு என்று சொல்லிவிட்டால் அடுத்த வேலை பத்தியம். முட்டை சூடு, மீன் வேண்டாம், கறி வேண்டவே வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

இளநரையோடு சேர்த்துப் பேசப்படும் சத்துக் குறைகளில் முக்கியமானது வைட்டமின் பி12. அது கீரையிலும் காயிலும் பருப்பிலும் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரல் என்று விலங்கிலிருந்து வருவதில்தான் இயற்கையாகக் கிடைக்கிறது. அதாவது, நரையைப் போக்க நாம் வைக்கும் பத்தியம் நரைக்குக் காரணமாக இருக்கக்கூடிய குறையையே பெரிதாக்குகிறது! நாலிலிருந்து எட்டு வயதுவரை ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.2 மைக்ரோகிராம் பி12 வேண்டும். ஒரு பெரிய டம்ளர் கெட்டிப் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் இருக்கும், ஒரு முட்டையில் அதில் பாதி. சைவ வீட்டுப் பிள்ளை பாலும் குடிக்காமல் தயிரும் தொடாமல் இருந்தால் உஷாராக வேண்டும். பாலில் பாதி தண்ணீர் கலந்து டீ போட்டுக் கொடுப்பது கணக்கில் சேராது. அந்த டீயைச் சாப்பாட்டோடு கொடுத்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதும் குறையும்.

பி12 குறைந்தால் தலைக்கு வெளியிலும் அடையாளம் காட்டும். விரல் முட்டிகள் திடீரென்று கறுத்திருக்கும். நாக்கு சிவந்து வழவழவென்று ஆகும். பிள்ளை வெளுத்துப்போய், எதற்கெடுத்தாலும் சோர்ந்துபோகும். கைக்குழந்தை என்றால் அம்மாவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அம்மாவுக்கு பி12 குறைவாக இருந்து தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை, தலை நின்றது, உட்கார்ந்தது எல்லாம் மறந்து பின்னுக்குப் போகும், கைகால் நடுங்கும். அங்கே முடியின் நிறம் கடைசிக் கவலை.

சாயம்

பள்ளி ஆண்டு விழா, சொந்தத்தில் கல்யாணம் என்று ஏதாவது வந்தால் அப்பாவின் டப்பாவிலிருந்தே கொஞ்சம் சாயம் எடுத்துப் பிள்ளைக்குத் தடவிவிடும் வீடுகள் உண்டு. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

கடையில் வாங்கும் நிரந்தரக் கறுப்புச் சாயங்களில் பெரும்பாலும் இருப்பது பாராபினைலின்டையமின், சுருக்கமாக பிபிடி. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் தடவும் நிலையில் இது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்தச் சாயம் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கானது இல்லை என்றும் அட்டைப்பெட்டியில் அச்சிட்டாக வேண்டும். ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு நெற்றியும் காதும் கண் இமையும் வீங்கி, தலையிலிருந்து நீர் வடியும். ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் அநேகமாக ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும். பெரியவளாகி அழகு நிலையத்துக்குப் போகும்போதும் அது நினைவில் இருக்கவேண்டும்.

"நாங்கள் இயற்கை மருதாணிதான் போடுகிறோம்" என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அரைத்த மருதாணி இலை முடிக்குச் செம்பழுப்பு நிறம்தான் தரும். அவுரிப் பொடியைத் தனியாக ஊறவைத்துப் பூசினால் அது கறுக்கும், அதற்கு நேரம் பிடிக்கும். கால் மணி நேரத்தில் கன்னங்கரேலென்று ஆக்கும் 'கறுப்பு மருதாணி' பாக்கெட்டில் பெரும்பாலும் பிபிடி கலந்திருக்கும். திருவிழாக் கடைகளில் பிள்ளைகள் கையில் வரையும் கறுப்பு டிசைனும் இதே சங்கதிதான். சுத்தமான மருதாணியே ஆகாத பிள்ளைகளும் உண்டு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அதைப் பூசினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலையும் கடும் சோகையும் வரலாம். பச்சைக் குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து.

அதைவிடப் பெரிய ஆபத்து, சாயத்தை வைக்கும் இடம். பிபிடி உள்ள சாயம் வாய்க்குள் போனால் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கும். அடுத்து தசைகள் சிதையும், சிறுநீரகம் செயலிழக்கும். நம் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு டாக்டர்களுக்கு இது பழகிப்போன விஷம். மிச்சச் சாயத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் குளியலறை அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள். தப்பித்தவறி பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று நேரத்தைப் போக்காமல் 108-ஐ அழையுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

மாத்திரைகள்

மருந்துக்கடையில் 'முடிக்கு ஒரு மாத்திரை' என்று கேட்டால் பயோட்டின் என்ற பி வகை வைட்டமினை எடுத்து நீட்டுவார்கள். இப்போது ஜெல்லி மிட்டாய் வடிவிலும் வருகிறது. சாதாரணமாகச் சாப்பிடும் பிள்ளைக்குப் பயோட்டின் குறைவது அபூர்வம். அதிக அளவு பயோட்டின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தப்பாகக் காட்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. தைராய்டு பரிசோதனையும் அதில் சிக்கும். நரைக்குக் காரணம் தைராய்டா என்று பார்க்கப் போகிற நேரத்தில் இது வேண்டாத குழப்பம். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் ரத்தம் எடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இரும்பு மாத்திரை விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு முறை சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பும் பெரிய பிள்ளைகளுக்கு நீலமுமாக இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிறார்கள். அது கணக்கில் இருக்கட்டும். அதற்கு மேல் டாக்டர் சொல்லாமல் வீட்டில் கொடுக்கவேண்டாம். அம்மாவின் இரும்பு மாத்திரையை மிட்டாய் என்று நினைத்து ஒரு பிடி விழுங்கினால் சின்னக் குழந்தை உயிருக்கே ஆபத்து. பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும். இளநரைக்கென்று பலர் எழுதித் தரும் கால்சியம் பான்டோதினேட் மாத்திரைக்கும் ஆதாரம் பலவீனம்தான்.

பரம்பரையாக வரும் இளநரையைக் கறுப்பாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. பி12 குறைவு, தைராய்டு குறைபாடு போன்றவை காரணமாக இருந்து அதைச் சரிசெய்தால் சில முடிகள் திரும்பக் கறுப்பதுண்டு. அதற்கும் மாதக்கணக்கில் ஆகும். இரண்டு வாரத்தில் டாக்டரை மாற்றுவதும் ஒரு தவறுதான். ஒரே இடம், ஒரே வெளிச்சம், மூன்று மாதத்துக்கு ஒரு போட்டோ எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

எப்போது அலட்சியம் கூடாது

'எல்லாம் பரம்பரை' என்று எதையுமே பார்க்காமல் விடுவது எதிர்ப்பக்கத் தவறு. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து நரை, பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு வளர்கிறது என்றால் அவசரமில்லை. ஆனால் கொத்தாக ஒரே இடத்தில் வெளுத்திருந்தால் அடியில் தோலையும் பாருங்கள். தோலும் வெளுத்திருந்தால் வெண்புள்ளியாக இருக்கலாம். வெண்குஷ்டம் என்ற பழைய பெயரே தப்பு, தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறந்ததிலிருந்தே நெற்றிக்கு மேல் வெள்ளைக் கொத்து இருந்தால், முக்கியமாகக் கருவிழி நீலமாகவோ இரண்டு கண்ணும் இரண்டு நிறமாகவோ இருந்தால், காது கேட்கும் திறனைக் கட்டாயம் சோதிக்கவேண்டும். வார்டன்பர்க் நோய்க்குறி என்ற பிறவிக் குறையில் இவை சேர்ந்து வரும். இதை 'ராசியான முடி' என்று கொண்டாடிவிட்டு, பிள்ளை பேச நாளாகிறதே என்று மூன்று வயதில் யோசிப்பது காலம் கடந்த யோசனை. குழந்தையின் முடி முழுக்க வெள்ளிபோல் மின்னி, அடிக்கடி காய்ச்சலும் சளியும் வந்தால் நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்ட அபூர்வப் பிறவிக் குறையாக இருக்கலாம். ஒரு வருஷமாக யூனிஃபார்ம் குட்டையாகவில்லை, மலச்சிக்கல், எப்போதும் தூக்கம், வறண்ட தோல் என்றால் தைராய்டைப் பார்க்கவேண்டும்.

கடைசியாக, வாய். "இந்த வயசுல நரையா?" என்று கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவில் கேட்கிறார்களே, அது பிள்ளையின் காதில்தான் விழுகிறது. வகுப்பில் 'தாத்தா', 'பாட்டி' என்று கூப்பிடுவது அடுத்தபடி. படிக்கச் சொன்னதால்தான் நரைத்தது என்று அம்மாக்கள் தங்களையே நொந்துகொள்வதும் உண்டு. கடும் அழுத்தத்தில் சுரக்கும் நார்அட்ரினலின் நிறமித் தாய்ச்செல்களைத் தீர்த்துவிடுகிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள், உண்மைதான். ஆனால் அது எலியில். ஒரு கணக்குப் பரீட்சைக்கு அதைப் பொருத்திப் பார்க்க முடியாது. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நான் கரிகாலன் கதையைச் சொன்னேன். வயது போதாது என்று வழக்காளிகள் நினைத்ததால் நரைமுடி வைத்துக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னானாம். "அவருக்கு ஒட்டவச்சது, எனக்கு ஒரிஜினல்" என்றாள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார். பி12, தைராய்டு எல்லாம் சரி, ஹீமோகுளோபின் மட்டும் கொஞ்சம் குறைவு. அதற்கு மருந்து கொடுத்துவிட்டு, "வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே நரைத்ததா?" என்று கேட்டார். நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு 25 வயதுக்கு முன்னால் வந்தால் இளநரை என்று கணக்காம். அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் விசாரிக்காமல் வந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. அக்கா எங்கள் பக்கத்தை அலசிவிட்டு, யாருக்கும் இல்லை என்று அடித்துச் சொன்னாள். மாமா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதினாலு வயதில் ஆரம்பித்ததாம். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவுக்குத் தன் அம்மாவின் கண்மையை எடுத்துத் தலையில் தடவிக்கொண்டு நின்றாராம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், அக்காவுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.